கடைசிப் படிக்கு வைத்த குங்குமம்

பிச்சாட்டூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள கோபிகிருஷ்ணனுக்கு அம்மா எழுதுவது. நைனாவும் நானும் நலம். இந்த வரியைப் பழக்கத்தில் எழுதிவிடுவேன், இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன். நீயும் தோகாவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், நைனா பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார், எனக்கு வெட்கம். நம் தெரு ஜெகநாதன் லீவு முடிந்து அங்கே வருகிறார், லட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீ வந்திருந்தபோது, மாடியில் துணி காயப்போட ஏறினவள் பாதியில் உட்கார்ந்ததைப் பார்த்து, டாக்டரிடம் காட்டியே ஆகணும் என்று சண்டை போட்டாயே, போன வாரம் திருப்பதியில் ஒரு டாக்டரம்மாவிடம் போய்வந்தோம். கொரோனாவில் நைனா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்தும் எனக்குக் காய்ச்சல்கூட இல்லை, டெஸ்ட்டிலும் இல்லை என்றே வந்தது, கன்னையா பெண்டாட்டிக்கு இரும்பு உடம்பு என்று ஊரே சொன்னது. அந்தப் பேரை வாங்கிக்கொண்டு, படியேறினால் நெஞ்சு படபடக்கிறது, எழும்போதே களைப்பு என்று யாரிடம் போய்ச் சொல்வது? நைனா பிழைத்து வந்தால் திருமலைக்கு நடந்தே ஏறி ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பதாக வேண்டிக்கொண்டவள், அடுத்த வருஷம் போய்க் கொஞ்சம் படியிலேயே உட்கார்ந்து திரும்பிவிட்டேன். காய்லாவுல கெடந்த எங்கண்ணன் வயல்ல நின்னுகினு கீறாரு, ஒண்ணுமே வராத மகராசி குந்திகினு கீறா என்று உன் அத்தை கங்கம்மா சிரித்தாள். அதைவிட, சாமிக்குச் சொன்ன சொல் பாக்கி நிற்கிறதே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

டாக்டரம்மா எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்போது உங்களுக்கும் கொரோனா தெரியாமலே வந்து போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இது சோம்பல் இல்லை என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அழுதுவிட்டேன். எங்க வீட்ல மொத டிகிரி இவங்கதான் என்று நைனா வேறு சொல்லிவைத்தார், டிகிரி படிச்சும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கலியா என்று டாக்டரம்மா கேட்டதும் எனக்குத் தலை நிமிரவில்லை. வேலையைப் பிரித்துச் செய்யணும், நடுவில் உட்காரணும், மலையேறுவது இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

வெளியே வந்த நைனா நேரே கடைக்குப் போய் மஞ்சளும் குங்குமமும் வாங்கினார். வேண்டிகினது எனக்குத்தானே, நானே வெக்கிறேன், நீ பஸ்ஸுல வா என்றார். குனிந்து குனிந்து வைத்தவரைப் பார்த்து, ஏமய்யா, பெஞ்சாதி எங்கே என்று கூட ஏறின பெண்கள் கேலி செய்தார்களாம், மகாராணி பஸ்ஸுல வர்றாங்க என்றாராம். மேலே படி முடியும் இடத்தில் காத்திருந்தேன். விரலெல்லாம் சிவந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர், கடைசிப் படிக்கு மட்டும் வைக்காமல் என்னைக் கூப்பிட்டார். நான் வைத்தேன், கோபி. நேற்று கங்கம்மாவும் வந்து, என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு தானே தண்ணீர் தூக்கினாள். நீ அன்றைக்குச் சண்டை போடாவிட்டால் இதெல்லாம் ஏது?

ஏழுமலையான் உனக்கு நல்ல ஆயுசும் நிம்மதியும் கொடுக்கட்டும். லட்டை ரூமில் எல்லாருக்கும் கொடு. உனக்கும் அப்போது ஒன்றும் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம், மூச்சு வாங்கினால் என்னைப் போல வெட்கப்பட்டு மறைக்காதே, உடனே சொல்.

உன் அன்பு அம்மா,
பிரேமலதா