மேனேஜரின் கூண்டு

சபாபதி ஆகிய நான் சன்னிவேலிலிருந்து எழுதுகிறேன். உன் பச்சோந்தி என் வீட்டுக்கு வந்தபின் நடந்தவற்றை உனக்கு முறையாகத் தெரிவிப்பதே இம்மடலின் நோக்கம்.

இன்று காலை கூண்டின் கதவைத் திறந்தபோது ஈரமண்ணும் செம்பருத்தி இலையும் கலந்த அந்த வாடை முகத்தில் வந்து மோதியது. சான் ஹோசேயில் உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எதிர்கொள்ளும் வாடை. அது இப்போது என் கூடத்தில் இருக்கிறது.

விவாகரத்துக்குப் பிறகு நீ அதை வாங்கி வந்தாய். ஒரு நாய் வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நாய் வந்தா நான் வாக்கிங் போகணும். இவன் என்னை ஒண்ணும் கேக்க மாட்டான்" என்றாய்.

பெயரைக் கேட்டதற்கு, "மேனேஜர். ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் பாக்குது, அப்பப்போ கலர் மாத்துது, வேலை ஒண்ணும் செய்யல. வேற என்னடா பேர் வைக்கிறது?" என்றாய். அந்த மாதம்தான் எனக்கு மேனேஜராகப் பதவி உயர்வு கிடைத்திருந்தது.

உன் முதல் கூண்டை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது. மெல்லிய நைலான் வலை. இரைக்கு விட்ட பூச்சிகளே அதைக் கடித்து ஓட்டை போட்டன. ஜிப்பை நீ ஒருநாளும் முழுதாக மூடியதில்லை. அடியில் வடிகால் கிடையாது. இலைகளில் நீ தெளித்த தண்ணீரெல்லாம் தரையில் இறங்கியது. ஒரு ஞாயிறன்று நான் உன் வீட்டில் இருந்தபோது கீழ்வீட்டு ஆன்ட்டி படியேறி வந்தார்.

"என்னப்பா, உன் வீட்டுல மழையா? எங்க சீலிங்ல சொட்டுது."

"ஆமா ஆன்ட்டி. கலிஃபோர்னியா பூரா வறட்சி, எங்க வீட்டுல மட்டும் பருவமழை" என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

மறுவாரமே அளவுநாடாவோடு வந்தேன். பக்கங்களில் காற்று புகும் அலுமினிய வலை, கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள், நடுவை நோக்கிச் சரிந்த அடித்தட்டு, சரிவின் முடிவில் துளை, துளைக்குக் கீழே வாளி. செடித்தொட்டி தண்ணீரில் நிற்காதபடி அடியில் கட்டைகள் வைத்தேன். நீ சோபாவில் கால் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏண்டா சபா, இது பச்சோந்திக்கா, ரிசர்வ் பேங்குக்கா?"

"போன வாரம் கர்ட்டன் ராட்ல இருந்து அவனை எறக்குனது யாரு?"

"அது இன்ஸ்பெக்‌ஷன் போயிருந்துச்சுடா."

பிறகு என்னையும் ஒன்று வாங்க வைத்தாய். அதற்கு நான் பெயர் யோசிக்கும் முன்பே 'ஆடிட்டர்' என்று அழைக்கத் தொடங்கினாய். ஒரு பச்சோந்தி இன்னொன்றைக் கண்ணால் கண்டாலே கலங்கி, உண்ணாமல் நலியும் என்பதால் இரண்டையும் நாம் ஒரே வீட்டில் வைத்ததில்லை. நீ மட்டும் வருவாய். வழியில் எல் கமினோ சாலைக் கடையில் இட்லி வாங்கிக்கொண்டு, என் வீட்டில் மேட்ச் பார்ப்பாய். "சாப்டியாடா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் தட்டில் வைப்பாய்.

உன் மாரடைப்புச் செய்தி கேட்டு டெக்சாஸிலிருந்து உன் மகள் வந்தாள். உன் காரியமெல்லாம் முடிந்தபின், காலியாகிக்கொண்டிருந்த உன் வீட்டில் அந்தக் கூண்டு மட்டும் நின்றது.

"அங்கிள், இவனை ஆஸ்டின் வரைக்கும் எப்படி எடுத்துட்டுப் போறது? அனிமல் ரெஸ்க்யூல பேசிட்டேன். சாட்டர்டே பிக்கப் பண்ணிப்பாங்க."

"அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்மா. தண்ணி குடிச்சுப் பழகிட்டா நானே வெச்சுக்கறேன்."

"குடிக்கலேன்னா?"

"குடுத்துடலாம்."

அவளிடம் அவ்வளவு நிதானமாகச் சொல்லிவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் பயமாக இருந்தது. உன் வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கியது அது ஒன்றைத்தான்.

கூடத்தில் ஒரே சுவரோரமாக ஒரு மேசைமேல் மேனேஜரின் கூண்டையும் இன்னொன்றின் மேல் ஆடிட்டரின் கூண்டையும் வைத்து, இடையே வெள்ளைப் பலகை நிறுத்தினேன். விளக்கு, வெப்பம், வடிகால், எதிலும் குறையில்லை. ஆயினும் மேனேஜர் கறுத்துப்போனது. பட்டப்பகலில் கண்களை மூடிக் கிளையைப் பற்றிக்கொண்டு கிடந்தது. பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது, இலைத்துளியைத்தான் நக்கும். இலைகளெல்லாம் நனைந்திருந்தும் அது நாக்கை நீட்டவில்லை. மருத்துவரிடம் காட்டினேன், நோய் எதுவும் இல்லை, எதையோ கண்டு மிரள்கிறது என்றார். சனிக்கிழமை நெருங்கியது.

நேற்று மாலை செய்வதறியாமல் இரு கூண்டுகளுக்கும் நடுவே, பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரோரம் தொலைக்காட்சி. அதன் கருந்திரையில் இரு கூண்டுகளும் தெளிவாகத் தெரிந்தன. பலகையால் நான் மறைத்ததை அந்தத் திரை இரண்டுக்கும் காட்டிக்கொண்டிருந்தது. நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். கடைசியாக நாம் மேட்ச் பார்த்தபின் அந்தத் தொலைக்காட்சியை நான் போடவே இல்லை. ஓடிக்கொண்டிருந்தவரை அதில் எதுவும் பிரதிபலித்ததில்லை. அதனால் அது கண்ணாடியாகும் என்பது எனக்குத் தோன்றவும் இல்லை.

படுக்கை விரிப்பால் திரையை மூடினேன்.

இன்று காலை மேனேஜரின் உடலில் பச்சை திரும்பியிருந்தது. நீர் தெளித்தேன். வெகுநேரம் அசைவில்லை. பிறகு ஒரு கண் இலைப்பக்கம் திரும்பியது. தலை மெல்ல முன்னால் வந்தது. ஒரு துளி, இன்னொரு துளி, அப்புறம் இலை முழுவதும்.

"குடிச்சுட்டான்டா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். வாளியில் தண்ணீர் சொட்டும் ஓசைதான் கேட்டது. இவ்வீட்டில் இப்போது இரண்டு உயிர்கள் இருக்கின்றன. இரண்டும் என்னை எதுவும் கேட்பதில்லை. அதை ஒரு வசதியென்று நீ எப்படிச் சொன்னாய் என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

உன் மகளை அழைத்து, சனிக்கிழமை யாரும் வர வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். தொலைக்காட்சியை யாருக்காவது கொடுத்துவிடுவேன். அது இருந்த இடத்துக்கு ஆடிட்டர் போகாது, படுக்கையறைக்குப் போகும். கூடம் மேனேஜருக்கு. நிலநடுக்கம் வரும் ஊரில் இவ்வளவு உயரமான கூண்டை மேசைமேல் சும்மா நிறுத்தி வைப்பது தவறு. இதுவரை தற்காலிகம் என்பதால் பொறுத்திருந்தேன். வாடகை ஒப்பந்தப்படி சுவரில் துளையிடக் கூடாது என்பதை அறிவேன். நாளைக் காலை நான்கு துளைகள் இட்டு மேனேஜரின் கூண்டைத் திருகாணிகளால் சுவரோடு முடுக்கிவிடுவேன்.