ஃபேனுக்கும் துடைப்பத்துக்கும் பாடு

மே 6
உள்ளே வந்தாச்சு. புரட்சிக்காரி ஜெயிலுக்குப் போனால் கூட்டம் கோஷம் போடும் என்று நினைத்திருந்தேன். பொன்னேரி கோர்ட்டு வாசலில் நைனா மட்டும் நின்றுகொண்டு, "பிரஷ் எடுத்துக்கினியா சோபியா?" என்றார். எடுக்கவில்லை.

குற்றம்: சாலை மறியல். ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்களே, 'பாடு' என்கிற அந்த முறையில் எங்கள் தெருவுக்குப் பேரே கிடையாது. நாங்கள் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

மே 7
வார்டர் அம்மா என் பெயரைக் கேட்கவில்லை. எந்த ஊர் என்றார். தோணிரேவு. எந்தத் தெரு? சொன்னேன். துடைப்பத்தைக் கொடுத்துவிட்டார், கக்கூஸ் கழுவ.

செல்லில் மூன்று பேர், ஒரே ஃபேன். அதன் கீழே காட்டூர் தனக்கோடி அக்கா. வரப்புத் தகராறில் கொழுந்தன் மண்டையை உடைத்தவர். நடுவில் செல்போன் திருடிய ஜெஸ்ஸி. கக்கூஸ் ஓரம் நான்.

"நீ அங்கயே படுமே. வெளிய இன்னா பழக்கமோ அதான் இங்கயும்," என்றார் அக்கா.

அழுதேன். கொசு வேறு.

மே 9
சமத்துவம் பற்றி நெடுநேரம் பேசினேன். ஜெஸ்ஸி தூங்கிவிட்டாள். தனக்கோடி அக்கா காலைச் சொறிந்துகொண்டே கேட்டுவிட்டு, "முடிஞ்சிச்சா?" என்றார்.

மே 10
இனி துடைப்பத்தைத் தொட மாட்டேன். அறிவித்துவிட்டேன்.

மே 12
வேறு யாரும் தொடவில்லை. புரட்சி இப்படி நாறும் என்று எந்தத் தோழரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே?

முதலில் மூக்கைப் பிடித்தவர் தனக்கோடி அக்கா. "இன்னாதான்மே வேணும் உனக்கு?"

பாடு போடணும் என்றேன். ஃபேனுக்கும் துடைப்பத்துக்கும். ஆளுக்கொரு அடையாளம் தட்டில் போட்டோம். அக்காவுடையது புளியங்கொட்டை, ஜெஸ்ஸிக்குப் பட்டன், எனக்குச் சேப்டி பின். வார்டர் அம்மாவே கண்ணை மூடி எடுத்தார். அவருக்கும் நாற்றம் தாங்கவில்லை.

முதல் நாள் ஃபேன்: புளியங்கொட்டை. துடைப்பம்: சேப்டி பின்.

எல்லாம் பழையபடியே. ஜெஸ்ஸிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல். "நாளைக்கு மாறும்," என்று சொல்லிவிட்டுக் கழுவப் போனேன்.

மே 13
மாறியது. இன்று துடைப்பம் தனக்கோடி அக்காவுக்கு. பக்கெட் தண்ணீரை முழுக்கத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார். என்னோடு பேச்சு இல்லை.

மே 14
இன்று ஃபேன் என் பாடு. காலையிலிருந்து ராத்திரிக்காகக் காத்திருந்தேன். மதியமே பெயில் வந்து தொலைத்தது. ஆண்டவரே, ஒரு ராத்திரி பொறுக்கக் கூடாதா?

"காட்டூர்க்காரம்மா, இனிமே நீயே படுத்துக்க," என்றார் வார்டர் அம்மா.

"அதெப்டி? இன்னிக்கு அவ பாடு. அவ இல்லேன்னா காலியாத்தான் கெடக்கும்."

"அக்கா, எனக்காவது குடுங்க," என்று ஜெஸ்ஸி கெஞ்சியது ஜெயில் கேட் வரைக்கும் கேட்டது.

ஜூலை 2
ஏரிப் பாடு பற்றி ஊர்க் கூட்டம். அடுத்த வருசம் பார்க்கலாமாம். போன வருசமும் இதையேதான் சொன்னார்கள், பாவிங்க. நாளைக்கு மறுபடி மறியல். நைனா புது பிரஷ் வாங்கி வைத்திருக்கிறார்.

ஜூலை 3
ரோட்டில் ஒரே ஒரு புங்கமரம். அதன் நிழலில் எங்கள் சங்கத் தலைவர் பால்ராஜ். மற்றவர்களெல்லாம் வெயிலில்.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது தனக்கோடி அக்கா. அவருக்கும் பெயிலாம். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, நேராகத் தலைவரிடம் போனார்.

"எந்திரிய்யா. நெழலுக்குப் பாடு போட்டியா?"

முந்தானை முடிச்சிலிருந்து அந்தப் புளியங்கொட்டையை எடுத்தார். எல்லோரும் அவரவர் அடையாளத்தைப் போட்டோம். முதல் நிழல் தலைவருக்கே விழுந்தது.

"நாளைக்கு மாறும்மே," என்று என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார் அக்கா. இரண்டு பேருக்கும் நல்ல வெயில்.