தவறான கொத்தில் விழுந்த அழிப்பாணை

மாரி தவறாது பொழிக. சர்வர் மண்டபங்கள் குளிர்ந்திருக்க. ஏழ்கயத் திருநாட்டுக் கணிமண்டபப் பேரமைச்சன் பெருங்கொற்றன், நெடுந்துறைப் பட்டினம் காக்கும் மாட்சிமை மிக்க வயிரமேகத் தரையருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையும் குடிகளும் நலமே என்று அறிந்து மகிழ்ந்தோம்.

எமது கட்டளைத் திரையை ஆளும் அல்லியங்கோதை, தங்கள் துறைக்குப் புயலெச்சரிக்கை அனுப்பும் மென்பொருள் கொள்கலன்கள் அனைத்தையும் ஒரே கட்டளை வரியில் அழித்தாள் என்றும், நாற்பது படகுகள் கடலில் இருக்கையில் எச்சரிக்கைப் பலகை இருண்டது என்றும், பிழைக்குக் காரணமானவர் இனி அத்திரையைத் தொடலாகாது என்றும் தாங்கள் எழுதியது கண்டோம்.

அழித்தது மெய். பழகுவதற்கென்று ஒரு கொத்துக் கொள்கலன்களும் தங்கள் துறைக்கென்று ஒரு கொத்தும் உள்ளன. இரண்டையும் ஏவுவது அந்த ஒரே திரைதான். அதை எந்தக் கொத்தின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோமோ அங்கேதான் ஆணை போய் விழும். பயிற்சிக் கொத்தைத் துடைக்க எண்ணி அவள் இட்ட வரி தங்கள் கொத்தில் விழுந்தது. ஆயினும், எத்தனை கொள்கலன்கள் எவ்வாறு இயங்க வேண்டும் என்று விதிக்கும் கோப்பை அவள் செம்மையாக எழுதி வைத்திருந்தமையால், அதை மீண்டும் ஏவியதும் அழிந்த பன்னிரண்டு கொள்கலன்களும் எழுந்து நின்றன. வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. தங்கள் ஓலை வருமுன்னரே அவள் எம்மிடம் வந்து தான் செய்ததை ஒளியாமல் உரைத்தாள். படகுகள் யாவும் கரை சேர்ந்தன என்பதில் எமக்குப் பெருமகிழ்ச்சி.

பின் காரணத்தை விசாரித்தோம். அன்று காலை, தங்கள் துறையில் எத்தனை கொள்கலன்கள் ஓடுகின்றன என்று பார்க்கும் ஆவலில் ஒருவர் அவள் இருக்கையில் அமர்ந்து, திரையைத் தங்கள் கொத்தின் பக்கம் திருப்பி, கண்டு களித்து, மீளத் திருப்பாமலே உணவுக்கு எழுந்து போயிருக்கிறார். அந்த ஒருவர் யாமே. பெரியவர் தொட்டதை யார் கேட்பது என்று மண்டபமே வாய்மூடி இருந்திருக்கிறது. அல்லியங்கோதையும் எம் பெயரைச் சொல்லவில்லை. எழுதவே வெட்கமாக உள்ளது.

ஆகவே ஆணை இது. அழிக்கும் வரியை இடுமுன், எந்தக் கொத்தில் நிற்கிறோம் என்று திரையைக் கேட்டு, விடை கண்ட பின்னரே இடுக. அல்லியங்கோதை தன் இருக்கையில் தொடர்வாள். தாங்கள் கேட்ட தண்டனை உரியவர்மேல் விழுந்தது: அத்திரையைத் தொடும் உரிமை இனி எமக்கில்லை. எமது அனுமதியை நீக்கும் வரியை அவளே இட்டாள். இடுமுன் எந்தக் கொத்து என்று இருமுறை சரிபார்த்தாள். அருகில் நின்று அதைக் கண்டு, மனம் நிறைந்து, இம்முத்திரை பதித்தோம்.