அண்ணாவின் மருந்தும் மகளின் தண்ணீர்வார்ப்பும்

ஜூன் 12, 2007, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் வாங்க வேண்டியது: பால் 6, தேசிக்காய், கடதாசிக் கோப்பை, மெழுகுதிரி. சனிக்கிழமை மகளின் சாமத்திய வீடு, பெரியபிள்ளையானதற்கான சடங்கு. 200 பேர். தலை சுற்றுகிறது.

அண்ணா நேற்று ஹொலண்டிலிருந்து வந்து சேர்ந்தார். முதுகில் ஊர்ச் சண்டையில் பட்ட பழைய ஷெல் துண்டு. கால் குறண்டிப் பிடித்தால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். அங்கே டொக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து கஞ்சா. போத்தலில் மருந்துக்கடை லேபல், அவர் பெயர். இஞ்சை நோர்வேக்குக் கொண்டுவர முத்திரை குத்திய கடிதமும் உண்டு, முப்பது நாளுக்கு மட்டும். விமான நிலையத்தில் தானே போய்க் காட்டினாராம். பிள்ளை இருக்கிற வீடு என்று பெட்டிக்குப் பூட்டு, திறப்பு சட்டைப் பையில். பின்னேரம் ஒரு சிட்டிகை, பாலில் காய்ச்சி. அதற்குப் பிறகு காரைத் தொடமாட்டார், குடியையும் தொடமாட்டார்.

இவருக்கு, என் மனுசனுக்கு, மருந்து பற்றிச் சொல்லவில்லை. என் பிழை.

13, புதன்

மணம் காட்டிக் கொடுத்துவிட்டது. அண்ணா குசினியில் பால் காய்ச்சிக்கொண்டு நிற்க, இவர் மூன்றாவது விஸ்கியோடு வந்தார்.

“என்ரை வீட்டிலை கஞ்சாவோ?”

அண்ணா கடிதத்தை நீட்டினார். வாசிக்கவில்லை. கொதிக்கிற பாலை அப்படியே அண்ணாவின் மேல் ஊற்றினார். கைத்தோல் கழன்று வந்தது. பிறகு அண்ணாவின் ஊன்றுகோலைப் பிடுங்கி முதுகில், ஷெல் துண்டு கிடக்கிற அதே முதுகில், மூன்று அடி. நடுவில் போன எனக்கு வாயில் ஒன்று. உதடு பிளந்தது. பல் ஆடுகிறது.

பொரிக்கிற இரும்புத் தாச்சி கையெட்டும் தூரத்தில் இருந்தது. மண்டையைப் பிளக்க வேண்டும் போலிருந்தது. எழுதி வைக்கிறேன், வெட்கமில்லை. மகள் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே.

14, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று போன். இந்த வாயோடு எப்படிப் போவது?

அண்ணா லில்லெஸ்ட்ரோமில் சிநேகிதன் வீட்டுக்குப் போகிறேன் என்றார். நான் விடவில்லை. பாலறுகு, பாலும் அறுகம்புல்லும், தலையில் வைத்துத் தண்ணீர் வார்ப்பது தாய்மாமன். அவளுக்கு இருப்பது இந்த ஒரு மாமன். இவரோ தன் தம்பியைக் கொண்டு செய்விக்கலாம் என்கிறார். சித்தப்பா தண்ணீர் வார்த்து எங்கே கண்டோம்? கேட்டேன். தேத்தண்ணிக் கோப்பை சுவரில் உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கியது நான்.

15, வெள்ளி

வெயில். 11 மணிக்கு இவரே பொலிசுக்குப் போன் அடித்தார். கஞ்சா என்றால் நோர்வேக்காரன் ஆளை அள்ளிக்கொண்டு போவான், சடங்குக்கு முதல் தொல்லை தீரும் என்று நினைப்பு.

“இப்ப பார், உன்ரை அண்ணரை விலங்கு போட்டுக் கொண்டு போவாங்கள்.”

இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி என் வயது. அண்ணா பெட்டியைத் திறந்து போத்தல், கடிதம் இரண்டையும் கொடுத்தார். அவள் எங்கெங்கோ போன் பண்ணி விசாரித்தாள். இருபது நிமிடம். பெயர் சரி, அளவு சரி, திகதி சரி. போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணாவின் கைக்கட்டைக் கண்டாள். பிறகு என் உதட்டை. என்ன நடந்தது என்று கேட்டாள்.

படியில் விழுந்தேன் என்பதுதான் நான் வழக்கமாகச் சொல்வது. பதினாறு வருடமாக ஒரே படி. யோசிச்சுக் கதை என்று இவர் தமிழில் சொன்னார். யோசித்தேன். புதன்கிழமையில் தொடங்கிப் பின்னோக்கி எல்லாவற்றையும் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவள் எழுதி முடிக்க நேரம் எடுத்தது.

கொண்டு போனது இவரை.

16, சனி

5 மணிக்கு எழும்பிப் பலகாரம். அண்ணாவுக்குக் கால் நடுக்கம். மருந்து, சடங்கு முடிந்த பிறகுதான் என்று பிடிவாதம். நான் தோளைத் தாங்கிக்கொள்ள, கட்டுப் போடாத கையால் தண்ணீர் வார்த்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், பிறகு மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை.

மண்டபத்தில் எல்லாருக்கும் ஒரே கேள்வி, தகப்பன் எங்கே? முதல் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றேன். மூன்றாவதாக எதிர்வீட்டு அக்கா, கையில் சாப்பாட்டுத் தட்டு.

“எனக்கு அடிச்சவர், அக்கா. பொலிசிலை சொல்லிப்போட்டன்.”

பாட்டு மாற்றுகிற நேரம். முழு மண்டபத்துக்கும் கேட்டது. கேட்கட்டும்.