குளிர்ச்சி என்று நீங்கள் வாங்கிய மெஸ்கால்

மாமி,

இன்று காலை கடையில் ஒரு போத்தல் உடைந்தது. மேல் தட்டைத் துடைக்கும்போது என் முழங்கை பட்டுவிட்டது. "என்ன எரியுது?" என்று கத்திக்கொண்டு மாமா உள்ளேயிருந்து ஓடி வந்தார். பால் வாங்க வந்த கிழவர்கூட மூக்கை உயர்த்திப் பார்த்தார். எதுவும் எரியவில்லை. உங்கள் மெஸ்கால் சாராயம்தான். கழுவித் துடைத்த பிறகும் அந்தப் புகை மணம் என் கையை விட்டுப் போகவில்லை. மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு, உங்களை நினைத்து நான் சிரித்தது இன்றுதான்.

பதினாறு வயதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது எல்லோரும் காரணம் கேட்டார்கள். வகுப்பில் வாய் திறக்கப் பயம் என்பதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "டூட்டிங்குக்கு வா பிள்ளை. எங்கடை கடையிலை சாமான் அடுக்கு. சாமானோடை கதைக்கத் தேவையில்லை" என்றீர்கள். அப்படித்தான் லண்டனில் உங்கள் வீட்டு மேல் அறையும், கீழே கடையின் பின்பக்கமும் என் உலகமாயின. இரண்டு வருடம் நான் கவுன்டர் பக்கம் தலை காட்டவில்லை.

கடையில் உங்களுக்கும் ஓர் எல்லை இருந்தது. பால், பாண், பருப்பு உங்கள் பொறுப்பு. குடிவகை முழுதும் மாமாவின் ராச்சியம். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்ட அந்தக் கிழமைதான் நீங்கள் முதல் தடவையாக, சரக்கு எடுக்கும் மொத்தக் கடைக்குத் தனியாகப் போனீர்கள். மாமா சொல்லிவிட்டதெல்லாம் வாங்கினீர்கள். அவர் சொல்லாத ஒரு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். மெக்சிக்கோ நாட்டுச் சரக்கு, நல்ல மலிவு. லேபிளில் கற்றாழை மாதிரி ஒரு செடி, பக்கத்தில் நிலத்தில் வெட்டிக் கல் நிரப்பிய ஒரு கிடங்கு, அதன் மேல் கொஞ்சம் புகை.

"உந்தப் பெட்டியை ஏன் வாங்கினனீர்?" என்று மாமா கேட்டார்.

"கத்தாழை எல்லே? தலைக்கு வைச்சா எவ்வளவு குளிர்ச்சி! குடிக்கிறதுகளுக்கும் குளிர்ச்சியாத்தான் இருக்கும்."

மாமா சிரித்தார். முதுகு இழுத்ததால் "ஐயோ அம்மா" என்று முனகிக்கொண்டும் சிரித்தார்.

அன்று பின்னேரம் அவருடைய கூட்டாளி மூர்த்தி அண்ணை வந்தார். பஸ் ஓட்டுவது அவருடைய வேலை. சாராயத்துக்குத் தீர்ப்புச் சொல்வது அவருடைய பெருமை. ஒரு தேக்கரண்டியில் மெஸ்காலை ஊற்றி நெருப்புக் குச்சியைக் காட்டினார். நீலமாக எரிந்தது. "கலப்படம் இல்லை" என்றார். பிறகு கிளாசில் ஊற்றி மூக்கருகே பிடித்து மணந்தார். முகம் கோணியது.

"அண்ணை, இது அடிப்பிடிச்ச சரக்கு. வடிக்கிறவன் அடுப்பை எரிய விட்டிட்டு நித்திரை கொண்டிட்டான். ஒருத்தரும் வாங்க மாட்டினம். திருப்பி அனுப்புங்கோ."

மாமா டெலிபோனை எடுத்தார். "இஞ்சரப்பா, நீர் இனிப் பாலோடையும் பாணோடையும் நில்லும்" என்றார், பகிடியாகத்தான். ஆனால் நீங்கள் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியின் மூடியை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றீர்கள். பெட்டி திரும்பிப் போனால் மொத்தக் கடைக்கு இனி உங்களை அனுப்ப மாட்டார் என்று எனக்கு விளங்கியது. எவ்வளவு சந்தோசமாக அந்த வான் வண்டியிலிருந்து இறங்கினீர்கள் என்பதையும் நான் பார்த்திருந்தேன்.

மூர்த்தி அண்ணை தள்ளி வைத்த கிளாசை எடுத்து மணந்தேன். முதலில் புகை. காஸ் அடுப்பில் நீங்கள் கத்தரிக்காய் சுடும்போது தோல் கருகி வருமே, அதே மணம். சற்றுப் பொறுத்து மணந்தால் கறிமிளகாயைப் பிளந்த மாதிரி ஒரு பச்சை வாசம். இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்தேன். நெடி பறந்த பிறகு தங்கியது இனிப்பு. எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. ஆனாலும் களவாகத்தான் நுனிநாக்கில் வைத்தேன். சுட்டது. கசப்பே இல்லை.

"மாமா, அடிப்பிடிச்சா கைக்கும். இது கைக்கேல்லை" என்றேன்.

என் குரல் சிப்ஸ் பெட்டிகளைத் தாண்டிப் போகவில்லை. லைன் கிடைக்காமல் மாமா திரும்பவும் நம்பரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். உங்களுக்கு மட்டும் கேட்டது.

"போனை வையுங்கோ! பிள்ளை கதைக்குது!"

தெருவுக்கே கேட்டிருக்கும். மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். ஓடிவிடலாம் போல் இருந்தது. ஆனால் உங்கள் கை இன்னும் அந்தப் பெட்டியின் மேல் இருந்தது.

"பருப்பு அடிப்பிடிச்சா சட்டி முழுக்கக் கைப்பு ஏறும். இது கத்தரிக்காய் சுட்ட மாதிரி. ஆரோ வேணுமெண்டு சுட்டிருக்கினம். படத்திலையும் கிடங்கு இருக்கு, புகை இருக்கு."

அதற்குப் பிறகு உங்களை யார் பிடிப்பது? மாமா அலுமாரியில் பூட்டி வைத்திருந்த விலை கூடிய ஸ்கொட்லாந்து விஸ்கியைக் கொண்டுவந்து மூர்த்தி அண்ணையின் மூக்குக்கு நேரே பிடித்தீர்கள்.

"மணந்து பாரும். இதிலையும் புகைதானே? இதுக்குக் கண்ணை மூடி 'ஆகா' எண்டுறீர். அது மலிவெண்டபடியால் அடிப்பிடிச்சதோ?"

"அக்கா, அது வந்து... இது வேறை புகை."

"புகைக்கும் சாதி இருக்கோ?"

மாமா முதுகை மறந்து சிரித்தார். இருமல் மருந்துப் போத்தலின் மூடிகளைக் கழுவி நீங்கள் வரிசையாக வைத்தீர்கள். மூர்த்தி அண்ணை வழக்கம்போல் ஒரே இழுப்பாக விழுங்காமல், நாக்கில் உருட்டிப் பார்த்தார். "முதல் வாய்க்குக் காரம் கூட" என்றார். "தொண்டையிலை நிண்டு பிடிக்கேல்லை, கெதியாப் போயிடுது." ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் திரும்பவும் மணந்தார். உரித்த தோடம்பழத் தோலின் புளிப்பு மணம் வந்தது. தள்ளி நின்ற எனக்கே வந்தது. "இந்த விலைக்கு இது நேர்மையான சரக்கு, அண்ணை. பெட்டி இருக்கட்டும்" என்றார்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "இண்டைக்கு என்ன நாள்?"

"வியாழன், மாமி."

"அப்ப சரி. கோயில் நாளைக்குத்தானே."

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத நீங்கள் ஒரு மூடியை அப்படியே வாயில் கவிழ்த்தீர்கள். கண்ணை இறுக்கி மூடினீர்கள். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டீர்கள்.

"முருகா! ஒரு குளிர்ச்சியும் இல்லை!"

நாங்கள் சிரித்து முடிக்க முன்னரே, "இன்னொரு மூடி விடு பிள்ளை, சரியா விளங்கேல்லை" என்றீர்கள்.

அடுத்த கிழமை மாமாவுக்கு முதுகு சுகமாகிவிட்டது. ஆனாலும் வான் வண்டியின் திறப்புக் கொத்தை உங்களிடம்தான் நீட்டினார். அந்தப் போத்தலைக் கையில் எடுத்து யாராவது "இது எப்படியிருக்கும்?" என்று கேட்டால், நீங்கள் என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளுவீர்கள். சுட்ட கத்தரிக்காய், கறிமிளகாய், தோடம்பழத் தோல் என்று எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன். முதல் நாள் ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். வாங்கிக்கொண்டும் போனாள்.

இப்போது ஓடர் கொடுப்பது நான்தான், மாமி. போன கிழமை மொத்தக் கடை ஆள் போனில், தங்க எழுத்துப் போட்ட விலை கூடிய ஒரு சரக்கை என் தலையில் கட்டப் பார்த்தான். முதலில் ஒரு சாம்பிள் அனுப்பு, மணந்து பார்த்துத்தான் சொல்வேன் என்றேன். அவன் விடவில்லை. நானும் விடவில்லை. மாமா பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்க்கும்போதுதான் எவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. பிறகு அவன் சிரித்துவிட்டு, முன்பெல்லாம் வந்து சண்டை பிடிக்கும் அந்த அம்மாவின் மகளா நீ என்று கேட்டான்.

"ஓம்" என்றேன், "யெஸ்" என்று சொல்லாமல் தமிழிலேயே. உங்களிடம் கேட்டுப் பழகியிருப்பான், அவனுக்கு அது விளங்கியது.