உள்சக்கரத்தின் சத்தம்

அப்பா,

இன்று பள்ளிவிட்டு வரும்போது நல்ல மழை. நனைந்த புத்தகப் பையை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தேன். சூடு ஏறியதும் ரப்பர் வாசனை வந்தது. அறுந்துபோன வாருக்குப் பழைய டியூபை வெட்டித் தைத்துக் கொடுத்தீர்களே, அந்தத் துண்டின் வாசனை. அம்மா பையை எடுத்துக்கொண்டுபோய் வெளியே தாழ்வாரத்தில் தொங்கவிட்டாள்.

இப்போது அவள் தூங்குகிறாள். விளக்கின் திரியைக் குறைத்து, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இதை யாருக்கும் காட்ட முடியாது. உங்களுக்குக் காது கேட்காது என்பது இதில் வருகிறது.

கப்பலில் வந்து மண்டபம் முகாமில் கிடந்தோமே, அங்கே வந்த காய்ச்சலில் போனது உங்கள் காது. எதிரில் நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வீர்கள். முதுகுக்குப் பின்னால் யார் கூப்பிட்டாலும் தெரியாது. அக்கரையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டியதாக எழுதிக்கொடுத்த தாளைக் காட்டி இந்த எஸ்டேட்டில் டிரைவர் ஆனீர்கள். காது விஷயம் தெரிந்தால் வேலை போகும், வேலையோடு லயத்து வரிசை வீடுகளில் கொடுத்த இந்த அறையும் போகும். நம் மூவரைத் தவிர அதை அறிந்தவன் கிளீனர் முருகேசன் ஒருவன்தான். அவனும் யாரும் சொல்லி அறிந்தவனில்லை. ஒருநாள் ‘ரைட்’ என்று கத்துவதை நிறுத்தினான். அதற்குப் பிறகு லாரியின் பக்கப் பலகையில் ஓங்கி இரண்டு அடி அடிப்பான். அதிர்வு தெரிந்து வண்டியை எடுப்பீர்கள்.

ஓட்டுவதற்குக் கண் போதும் என்பீர்கள். காது வேண்டியிருந்தது டயரில் காற்றுப் பார்க்கத்தான். காற்று மீட்டர் ஃபாக்டரி ஷெட்டில் பூட்டியிருக்கும், ஃபிட்டர் வருவதற்கு முன்பே நீங்கள் தேயிலைப் பெட்டிகளோடு குன்னூருக்குக் கிளம்பியாக வேண்டும். அதனால் தினமும் ஆறு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பீர்கள். காற்று நிறைந்த டயர் ‘டங்’ என்று கம்பியைத் துள்ளவிடும். குறைந்த டயர் ‘தொப்’ என்னும். வெளியே தெரிகிற நான்கும் பார்வைக்கே பிடிபடும். பின்னால் ஜோடியாக இருக்கும் சக்கரங்களில் உள்பக்கத்து இரண்டைத்தான் சத்தத்தை வைத்துச் சொல்ல வேண்டும். காந்தல் பள்ளிக்கு உங்கள் லாரியில் வருகிற நான் பக்கத்தில் நிற்பேன். தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் தலையாட்டினால் அடுத்த டயருக்குப் போவீர்கள்.

“மீட்டரம்மா வந்தாச்சுங்களா? அப்ப வண்டிய எடுக்கலாமுங்க” என்பான் முருகேசன். என்ன சொன்னான் என்று தெரியாமலே நீங்களும் சிரிப்பீர்கள்.

போன மாதம் பின்சக்கரங்களின் ரிம்மில் விரிசல் விட்டது. வேறு கம்பெனி வண்டியிலிருந்து கழற்றிய நான்கு சக்கரங்களை, டயரோடு, மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டுவந்து மாட்டினார்கள். போல்ட்டெல்லாம் சரியாகப் பொருந்தியது. டயர் மட்டும் நம்முடையதைவிடத் தடிமன். அன்று மாலை நீங்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது நினைவிருக்கிறது.

“வண்டிக்குச் சேந்திருச்சு புள்ள. உன் காதுக்கு இன்னும் சேரல. இது தடிச்ச ரப்பர், காத்து கொறைஞ்சாலும் நெறைஞ்ச மாதிரிதான் சத்தம் போடும். மொதல்ல இதோட சத்தத்தப் பழகிக்க.”

அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டரிடம் கெஞ்சி மீட்டரை வாங்கிவந்தீர்கள். ஒவ்வொரு டயரிலும் காற்றை அளவாக நிறைத்துத் தட்டினீர்கள். பிறகு வால்வை அழுத்திக் கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடி தட்டினீர்கள். வித்தியாசம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டீர்கள். நான் தலையாட்டினேன்.

அப்பா, அந்தச் சத்தங்களை நான் காதில் வாங்கவே இல்லை. வகுப்பில் என்னை ‘டயர்க்காரி’ என்று கூப்பிடுகிற பெண்கள் அன்றைக்கு முதல்முறையாக என்னையும் ஏரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்து மணி பஸ்ஸைத் தவறவிட்டால் இனிமேல் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்தேன். நீங்கள் குனிந்து குனிந்து தட்டிக்கொண்டிருந்தீர்கள், நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், “கெட்டிக்காரி, சீக்கிரம் புடிச்சுக்கிட்ட” என்று சொல்லி அனுப்பிவைத்தீர்கள். ஏரியில் படகுக்குக் கூட்டம் அதிகம். நாங்கள் படகில் ஏறவே இல்லை.

அதே வாரம் வியாழக்கிழமை பனிமூட்டம். பெட்டிகள் ஏற்றித் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. பின்னால் மேனேஜரின் ஜீப் வந்து வழிக்காக ஹாரன் அடித்தது. நீங்கள் திரும்பவில்லை. அவர் இறங்கி வந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் ஏதாவது கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். நீங்கள் இடப்பக்கத்து உள்சக்கரத்தைத் தட்டினீர்கள். ‘டங்’ என்றுதான் கேட்டது. ஆனால் அந்தச் சத்தம் வந்த வேகத்தில் அமுங்கிப்போனது. அப்படித்தான் இருக்க வேண்டுமா, இருக்கக் கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டீர்கள்.

“என்ன புள்ள?” என்றீர்கள்.

மீட்டர் வரட்டும் என்று சைகை காட்டியிருக்கலாம். இன்னொரு தடவை தட்டச் சொல்லியிருக்கலாம். ஜீப்பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் தலையாட்டினேன்.

காந்தலில் என்னை இறக்கிவிட்டுக் கையசைத்தீர்கள். மூன்றாவது பீரியட் நடக்கும்போது ஆள் வந்து கூப்பிட்டார். லவ்டேல் தாண்டி ஒரு வளைவில் டயர் வெடித்து லாரி பள்ளத்தில் இறங்கிவிட்டது என்றார்கள். வெடித்தது வெளிச்சக்கரம். உள்சக்கரத்தில் காற்று இறங்கிப்போயிருந்ததால் மொத்தப் பாரமும் வெளிச்சக்கரத்தின் மேலே விழுந்துவிட்டதாக ஃபிட்டர் பிறகு சொன்னார். முருகேசன் தேயிலைச் செடிகளுக்குள் தூக்கி எறியப்பட்டுக் கை முறிந்து பிழைத்தான். நீங்கள் பிழைக்கவில்லை.

நேற்று எஸ்டேட் ஆபீசில் விசாரணை நடந்தது. அம்மாவும் நானும் வாசலில் நின்றோம். கோயமுத்தூர்க்காரரான கிளார்க், கட்டுப் போட்ட கையோடு நின்ற முருகேசனைக் கேட்டார்.

“ஏனப்பா, காத்துப் பாக்கறது கிளீனர் வேலைதானே? பாத்தியா, இல்லியா?”

முருகேசன் வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பாக்கலீங்க. என்ற தப்புதானுங்க” என்றான்.

கிளார்க் எழுதிக்கொண்டார். வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இனி இந்த மலையில் எந்த வண்டியிலும் அவனைக் கிளீனராக ஏற்றமாட்டார்கள். போலீஸ் கேஸும் அவன் பேரில் வரும் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். நான் முருகேசன் பின்னால் ஓடிப்போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“உங்கம்மாளுக்கு அந்த ஊடு வேணுமில்ல கண்ணு? எனக்குச் சிறுமுகையில ஊடு இருக்குது. நீ போயிப் படி.”

அவன் சிரிக்கத்தான் பார்த்தான். கை வலித்திருக்க வேண்டும், முகம் கோணிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். “நீ வாயத் தொறந்தா, காது கேக்காம லாரி ஓட்டுனாருன்னு செத்தவரு மேல பழி விழும். அப்புறம் இந்தக் காம்பராவுல நம்மள வெச்சிருப்பாங்களா?” என்று கேட்டாள். அவள் பயமும் பொய் இல்லை. கொழுந்து பறிக்கிற வேலையும் இந்த ஒற்றை அறையும் தவிர அவளுக்கு இங்கே ஒன்றும் இல்லை.

ஆனால் அவளுக்கு ஒன்று தெரியாது. உங்களுக்குக் காது கேட்காததால் லாரி விழவில்லை. கேட்கிற காது ஒன்று உங்கள் பக்கத்திலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை அது ஏரியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது, வியாழக்கிழமை பயந்துவிட்டது.

தட்டிவிட்டு என் பக்கம் திரும்புவீர்களே, அந்த முகம்தான் கண்ணை மூடினால் வருகிறது. அதில் ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. நான் தலையாட்டிவிட்டால் அந்தச் சக்கரத்தை நீங்கள் இரண்டாம் தடவை பார்த்ததில்லை. என்னை ஒருமுறை சந்தேகப்பட்டிருந்தால் இருந்திருப்பீர்கள்.

கிளார்க் எழுதிய தாள் நாளைக்குத்தான் மேனேஜரின் கையெழுத்துக்குப் போகிறது. அதற்கு முன் நான் ஆபீசுக்குப் போகப்போகிறேன். இத்தனை நாள் மறைத்ததை நான் வெளியே சொல்வதற்கு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். அம்மா மன்னிப்பாளா என்று தெரியவில்லை. அறையைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவோம் என்றும் தெரியவில்லை.

டயர் பார்க்கிற இடத்தில் உனக்கு என்ன வேலை என்று கிளார்க் கேட்பார். ‘அப்பாவுக்குக் கேட்காது, எனக்குத்தான் கேட்கும்’ என்று நான் சொல்ல வேண்டும். அந்த வரியை இங்கே எழுதிவிட்டு, அம்மா விழித்துக்கொள்ளாதபடி மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது. இப்போது நான்காவது தடவை. குரல் நடுங்குகிறது அப்பா, ஆனால் கடைசிச் சொல் வரைக்கும் வருகிறது.