உள்தாழ்ப்பாள்

முதியோர் இல்லங்களுக்கு அறை வடிவமைக்கும் என் மகனுக்கு,

எனக்குக் கட்டிலைத் தாழ்வாகப் போட்டாய். கழிப்பறை வரை சுவரில் கைப்பிடி வைத்தாய். தரையும் வழுக்கவில்லை. நான் விழுந்தால் தூக்க ஆள் வரவேண்டுமென்று கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் வைக்கவில்லை.

நேற்று நான் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது நான்கு பேரோடு உள்ளே நுழைந்தாய். "இதுதாங்க நம்ம சாம்பிள் ரூம்" என்று கைப்பிடியைத் தட்டிக் காட்டினாய். தலையைக் குனிந்துகொண்டவர்கள் வந்தவர்கள்தான். "அம்மாதானே, ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்று நீ வேறு அவர்களுக்குச் சமாதானம் சொன்னாய்.

நினைத்தேன். இன்று தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

"விழுந்துட்டா என்னம்மா பண்ணுவீங்க?" என்றார்.

"மானம் போறதுக்கு இடுப்பு ஒடிஞ்சா பரவாயில்லப்பா" என்றேன்.

இனி வந்தால் கதவைத் தட்டு. உள்ளே ஓர் ஆள் இருப்பது அப்போதாவது உனக்கு உறைக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்